கம்ப்யூட்டரும் நம்பிக்கையும்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவர் பேசியது)



இந்த விழாவில் என்னைப் பேச அழைத்த தோழர்கள், "உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அடிக்கடி செத்துப்போகின்றனவாமே, அதைப்பற்றியே பேசிவிடுங்கள்" என்று சொன்னார்கள். கேலியாய்ச் சொன்னார்களோ, நிஜமாய்ச் சொன்னார்களோ, எனக்குத் தெரியாது. எப்படியிருந்தாலும் எனக்கு ஆட்சேபணையில்லை. ஏனெனில் 1999-ம் வருஷம் முதல் இன்று வரை என் வீட்டில் ஐந்து கம்ப்யூட்டர்கள் இருந்து, அவற்றில் நான்கு என் கண் முன்னாலேயே உயிரை விட்டிருக்கின்றன. இந்த அனுபவம் ஒன்றைத் தவிர இதைப்பற்றிப் பேச எனக்கு வேறு யோக்கியதை கிடையாது. நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுத்தவன். ஆகையால் நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாமல், உங்கள் வீட்டு யந்திரத்தோடு ஒத்துப் பார்த்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

முதல் கம்ப்யூட்டரை 1999-ல் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். எங்கள் தெருவுக்கே அதுதான் முதலாவது. அது வந்து இறங்கிய தினத்தில் வீட்டில் நடந்த வைபவத்தை என்னவென்று சொல்லுவேன்! சந்தனம் என்ன, குங்குமம் என்ன, எலுமிச்சம் பழம் என்ன, அதன் தலைக்கு ஒரு பட்டுத்துணி என்ன! செருப்பை வெளியே விட்டுத்தான் அந்த அறைக்குள் போகவேண்டும் என்று சட்டமே ஏற்பட்டுவிட்டது. நான் "இது ஒரு யந்திரம், மாவரைக்கும் கிரைண்டர் மாதிரி" என்று சொல்லிப் பார்த்தேன். "பிள்ளைகள் படிக்கிற பொருளைக் கிரைண்டர் என்கிறீர்களே" என்று என் மாமியார் கோபித்துக் கொண்டார்கள். வீட்டில் எதற்குச் சண்டை என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்தக் குங்குமம் காற்று போகும் இடுக்கின் வழியே உள்ளே உதிர்ந்து, மூன்று வருஷம் கழித்து நான் பெட்டியைத் திறந்தபோது உள்ளேயிருந்த காற்றாடியில் சிவப்புப் பிசினாக அப்பிக் கிடந்தது.

வந்த வாரத்திலேயே பெட்டியைத் தொட்டால் கையில் விறுவிறு என்று ஏறியது. மாமியார் "அதில் சக்தி இருக்கிறது" என்றார்கள். அது ஒரு விதத்தில் உண்மைதான். ஆனால் அது மின்சார சக்தி! அடுத்த தெருவிலிருந்து வாஸ்து பார்க்கிற ஒருவர் வந்து, "கன்னி மூலையில் நெருப்புச் சாமானை வைத்தால் இப்படித்தான் ஆகும், அக்கினி மூலைக்கு மாற்றுங்கள்" என்று சொல்லி 501 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மாற்றினோம். அக்கினி மூலையிலும் அதே விறுவிறுதான். கடைசியில் என் வாழ்க்கைத் துணைவிதான் டெஸ்டரை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தார். டெஸ்டர் எரிந்தது. "மூணாவது ஓட்டைக்குப் பின்னாலே வயர் இருக்கான்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. வாஸ்துக்காரரும் பார்க்கவில்லை. சுவர்ப் பெட்டியைக் கழற்றினால், மூன்று ஓட்டையில் மேலே இருக்கிற பெரிய ஓட்டைக்கு வயரே கிடையாது! எர்த் என்பதே இல்லாமல் அழகுக்கு ஓட்டை வைத்த வீடு எங்கள் வீடு.

விஷயம் என்னவென்றால், கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுக்கும் உள்பெட்டியில், வேண்டாத மின் சலசலப்பை மண்ணுக்கு அனுப்பிவிடுவதற்காகச் சிறு கப்பாசிட்டர்கள் வைத்திருக்கிறார்கள். மண்ணுக்குப் போக வழியில்லாவிட்டால் வீட்டுக் கரண்டில் ஏறக்குறையப் பாதி வோல்டேஜ் அந்த இரும்புப் பெட்டியின் மேலேயே வந்து நிற்கும். அளவு வெகு சொற்பமாகையால் விறுவிறுப்போடு போகிறது. கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, குழாய் இறக்கி, கம்பி இழுக்க 600 ரூபாய் ஆயிற்று. சக்தி அன்றோடு போய்விட்டது. வாஸ்துக்காரரின் 501 ரூபாய் மாத்திரம் இன்றுவரை திரும்பி வரவில்லை.

அடுத்தாற்போல் ஒரு வேடிக்கை. நாலைந்து வருஷம் கழித்து அந்தக் கம்ப்யூட்டர் காலையில் போட்டவுடன், தேதியைப் பல வருஷம் பின்னுக்குத் தள்ளி ஜனவரி 1 என்று காட்ட ஆரம்பித்தது. சரி செய்து வைத்தால் மறுநாளும் ஜனவரி 1. உறவினர் ஒருவர், "அஷ்டமியில் வாங்கினீர்கள், அதனால்தான் காலம் நிற்கவில்லை" என்றார். இன்றைக்கு என்ன தேதி என்றே தெரியாமல் முழிக்கிற யந்திரத்துக்கு அஷ்டமி எப்படித் தோழர்களே தெரியும்? உள்ளே மதர்போர்டில் சட்டைப் பொத்தான் மாதிரி 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. கரண்டு இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓட்டுவது அதன் வேலை. அது தீர்ந்துபோயிருந்தது. இருபது ரூபாய்க்கு வேறொன்று வாங்கிப் போட்டவுடன் காலம் நின்றது; அதாவது ஓடியது!

அதே யந்திரம் 2003-ல் மழைக்காலத்தில் ஒரு ராத்திரி 'டப்' என்று வெடித்து அணைந்தது. கரண்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பல்லி கருகிக் கிடந்தது. என் பாட்டி அப்போது உயிரோடிருந்தார்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "பல்லி எந்தப் பக்கம் விழுந்தது? இடமா, வலமா?" என்பது. பஞ்சாங்கத்தில் தலையில் விழுந்தால் இன்னது, தோளில் விழுந்தால் இன்னது என்றெல்லாம் பலன் போட்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் விழுந்தால் என்ன என்று எழுத மறந்துவிட்டார்கள். இதே மாதிரி சங்கதி ஒன்று அமெரிக்காவில் 1947-ம் வருஷம் செப்டம்பர் 9-ந் தேதி நடந்தது. ஹார்வர்டு சர்வகலாசாலையின் மார்க் 2 என்னும் பெரிய கணக்கு யந்திரம் தப்பாய் நடக்க, ஆட்கள் தேடிப் பார்த்தார்கள். ரிலே ஒன்றின் நடுவில் ஒரு விட்டில் பூச்சி அகப்பட்டிருந்தது. அந்தப் பூச்சியை எடுத்து வேலைக் குறிப்புப் புஸ்தகத்தில் பசை நாடா போட்டு ஒட்டி, பூச்சி இன்ன இடத்தில் இருந்தது என்று எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது. நம்முடைய பல்லியை நாங்கள் குப்பையில் போட்டோம். ஆனால் அன்று முதல் நானும் ஒரு நோட்டுப் புஸ்தகம் வைத்துக்கொண்டேன். என்ன கெட்டது, எந்தத் தேதி, என்ன காரணம், என்ன செலவு என்று நான்கு பத்தி. அதுதான் இதோ என் கையில் இருக்கிறது.

இரண்டாவது கம்ப்யூட்டரின் கதையில் எனக்கு வருத்தம் அதிகம். 2003 கடைசியில் வாங்கியது 2005-ல் நினைத்தபோது நின்றுவிடும், மறுபடி தானே எழும்பும். ரிப்பேர் கடைக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பெட்டியைத் திறக்கவேயில்லை. பார்த்தவுடனே "வைரஸ்" என்றார். பார்மெட் என்று ஒரு பரிகாரம் செய்து 400 ரூபாய் வாங்கினார். பத்து நாளில் மறுபடியும் நின்றது. மறுபடியும் வைரஸ், மறுபடியும் பார்மெட், மறுபடியும் 400. இப்படி நான்கு தடவை! வைரஸ் என்று ஒன்று இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அது மனிதன் எழுதிவிடுகிற கெட்ட கட்டளைகளின் தொகுதி, உண்டு, நஷ்டம் செய்வதும் உண்டு. ஆனால் காரணம் தெரியாத ஒவ்வொன்றுக்கும் அதன் பேரைச் சொல்லிப் பணம் பறித்தால், அதற்கும் வேப்பிலை அடிக்கிறவனின் 'காத்து கருப்பு'க்கும் என்ன வித்தியாசம்? அவனாவது எலுமிச்சம் பழத்தோடு விட்டுவிடுவான். இவர் ஒவ்வொரு தடவையும் என் பெண் எழுதி வைத்திருந்த பாடக் குறிப்புகளையெல்லாம் அழித்துக் கொடுத்தார்.

ஐந்தாவது தடவை, ரேடியோ ரிப்பேர் பார்க்கும் பையன் ஒருவன்தான் திருப்புளியை எடுத்துப் பெட்டியைத் திறந்தான். "சார், இங்கே பாருங்க" என்று காட்டினான். மதர்போர்டில் சின்னச் சின்ன டப்பாக்கள் மாதிரி நிற்கும் கப்பாசிட்டர்களில் ஆறு, தலை உப்பி, பழுப்பாய்க் கசிந்து நின்றன. தட்டையாய் இருக்க வேண்டிய தலை புடைத்திருப்பது கண்ணுள்ள எவருக்கும் தெரியும்! நான்கு தடவை வைரஸ் பார்த்தவரின் கண்ணுக்கு மாத்திரம் அகப்படவில்லை. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: அந்தச் சில வருஷங்களில், உள்ளே ஊற்றும் திரவம் சரியில்லாத கப்பாசிட்டர்கள் உலகம் முழுதும் லட்சக்கணக்கான யந்திரங்களில் போய்ச் சேர்ந்து, பெரிய பெரிய கம்பெனிகளே மாற்றிக் கொடுக்க வேண்டி வந்ததாம். பையன் ஆறையும் பற்றவைத்து மாற்ற 150 ரூபாய் கேட்டான். அது அப்புறம் நாலு வருஷம் ஓடியது.

"ரிப்பேர்காரனை நம்பாதே என்கிறீர், சரி, யந்திரம் போடும் கணக்கையாவது நம்பலாமா?" என்று நீங்கள் கேட்கக்கூடும். அதற்கு ஒரு சரித்திரம் சொல்லுகிறேன். அமெரிக்காவில் தாமஸ் நைஸ்லி என்று ஒரு கணித ஆசிரியர் இருந்தார். வர்ஜீனியா மாகாணத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரியில் வேலை. 1994-ல் அவர் பகா எண்களைப்பற்றி நெடுங்கணக்கு ஒன்றைப் பல கம்ப்யூட்டர்களில் போட்டுக்கொண்டிருந்தார். அவற்றில் புதிதாய் வந்த பெண்டியம் யந்திரம் ஒன்றின் விடை மற்றதோடு ஒத்துவரவில்லை. அவர் "புதுசு தப்பாகுமா" என்று விடவில்லை. "பெரிய கம்பெனியாயிற்றே" என்றும் விடவில்லை. தன் கட்டளையில் தப்பா, மொழிபெயர்க்கும் புரோகிராமில் தப்பா, போர்டில் தப்பா என்று மாதக்கணக்கில் ஒவ்வொன்றாய்க் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் தப்பு அந்தச் சில்லுக்குள்ளேயே என்று அக்டோபரில் கண்டார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 என்று வரவேண்டும். அந்தச் சில்லு 1.33373 என்று சொல்லிற்று. வகுத்தலுக்கு உள்ளே வைத்திருந்த வாய்ப்பாட்டில் ஐந்து இடங்கள் விடுபட்டுப் போயிருந்தன! இண்டெல் கம்பெனி முதலில் இது சாதாரண ஜனங்களைப் பாதிக்காது என்றது. அப்புறம் கூச்சல் தாங்காமல், கேட்பவர்களுக்கெல்லாம் மாற்றித் தருவதாக டிசம்பரில் அறிவித்தது. 47 கோடியே 50 லட்சம் டாலர் அதற்கென்று கணக்கில் ஒதுக்கியது. ஒரு வாத்தியார் இரண்டு விடைகளை ஒத்துப் பார்த்ததன் பலன் இது. ஒரே யந்திரம் மாத்திரம் வைத்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது என்பதைக் கவனியுங்கள்.

கிரகம்தான் காரணம் என்கிறவர்களுக்கும் ஒரு சமாதானம் வைத்திருக்கிறேன். வானத்திலிருந்து வந்து கம்ப்யூட்டரைக் கெடுப்பது நிஜமாகவே ஒன்று இருக்கிறது. ஆனால் அது சனியல்ல! விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதி உண்டாகும் நுண்துகள்கள், ஞாபகச் சில்லில் 0 என்று இருப்பதை 1 என்று புரட்டிவிடக்கூடும். பெல்ஜியம் தேசத்தில் ஷார்பீக் என்ற இடத்தில் 2003-ல் நடந்த தேர்தலில் ஒரு அபேட்சகருக்கு வரமுடியாத அளவு ஓட்டு வந்திருந்தது. எண்ணிப் பார்த்ததில் 4096 ஓட்டு அதிகம். இரண்டை இரண்டாலேயே பெருக்கிக்கொண்டு போனால் வரும் எண் அது. அதாவது ஒரே ஒரு 0 மாத்திரம் 1 ஆகியிருக்கிறது. யந்திரத்தைச் சோதித்தவர்களுக்கு வேறு கோளாறு அகப்படாததால், இப்படிப்பட்ட துகளாய் இருக்கலாம் என்று ஊகித்தார்கள். ஊகம் என்றே சொன்னார்கள். சனிக்குப் பரிகாரம் சொல்லுகிறவர்களில் 'இது என் ஊகம்' என்று சொன்னவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

தோழர்களே! இதுவரை மற்றவர்களைப் பரிகாசம் செய்தேன். இனி என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்ல இஷ்டமில்லைதான்.

என் தாயார் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்டவர். 2008-ம் வருஷம், நான் மூன்றாவது கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், பத்து ஞாயிற்றுக்கிழமைகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்தேன். நாற்று நடும்போது பாடியது, கிணற்றில் தண்ணீர் இறைத்தது, ஊர்ப் பொதுக்கிணற்றில் யார் யாரை இறைக்க விடவில்லை என்பது, தன் சிலேட்டைத் தம்பிக்குக் கொடுக்கச் சொன்ன தினத்தில் தான் எங்கே ஒளிந்துகொண்டார் என்பது எல்லாம் சொன்னார்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அவ்வளவையும் அந்த ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்தேன். 2010-ல் தாயார் காலமானார்கள். "பத்திரமாய்க் கம்ப்யூட்டரில் இருக்கிறது" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

2012-ல் நம் ஜில்லாக்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் கரண்டு போனது உங்களுக்கு ஞாபகமிருக்கும். யு.பி.எஸ். பேட்டரி இரண்டு மூன்று வருஷம்தான் தாங்கும். என்னுடையது நாலு வருஷம் ஆகி, கரண்டு போனால் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் இருந்தது. அது கத்திக்கொண்டேதான் இருந்தது. அடுத்த மாதச் சம்பளத்தில் பார்க்கலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். ஒரு நாள் கரண்டு வந்து, போய், உடனே வந்தது. ஹார்ட் டிஸ்கு 'டிக் டிக்' என்று அடிக்க ஆரம்பித்தது.

அந்த டிஸ்குக்குள் தட்டுகள் நிமிஷத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றுகின்றன. படிக்கிற முனை அந்தத் தட்டைத் தொடாமல், தலைமயிர்க் கனத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் மிதக்கிறது. டிக் டிக் என்பது அந்த முனை தன் இடத்தைக் காணாமல் தடுமாறும் சத்தம். உடனே அணைத்து எடுத்து வைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒருவர் "ஐஸ் பெட்டியில் ஒரு ராத்திரி வைத்து எடுத்தால் ஒரு தடவை ஓடும்" என்றார். எதனால் ஓடும் என்று நான் கேட்கவேயில்லை! மேடையேறி ஊருக்கெல்லாம் "ஏன் என்று கேள்" என்று சொன்ன நான், பாலிதீன் பையில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து, விடியற்காலையில் எழுந்து, கை நடுங்க எடுத்து மாட்டினேன். குளிர்ந்த டிஸ்கில் நம் ஊர்க் காற்று பட்டவுடன் வேர்த்துவிட்டது. இரண்டு நிமிஷம் ஒரு கிறீச்சுச் சத்தம், அதோடு சரி. பட்டணத்தில் டிஸ்கு மீட்கிற ஒரு இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் திறந்து பார்த்து, தட்டெல்லாம் வட்டம் வட்டமாய்க் கீறியிருக்கிறது, ஒன்றும் செய்வதற்கில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் செய்த பூஜை அப்படிப்பட்டது.

யார்மேல் குற்றம்? டிஸ்கு செய்த கம்பெனிமேல் சொல்ல மாட்டேன். கூகிள் கம்பெனிக்காரர்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து 2007-ல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். அதன்படி முதல் வருஷத்தில் நூற்றுக்கு இரண்டுக்குக் குறைவாகவும், மூன்று வருஷமானவற்றில் வருஷத்துக்கு நூற்றுக்கு எட்டுக்கு மேலும் டிஸ்குகள் கெட்டன. கெட்டுப்போனவற்றில் பாதிக்கு மேற்பட்டவை, முக்கியமான எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே கெட்டன. நான் அதுவரை சூடுதான் எமன் என்று நம்பி, மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு நான் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். அவர்கள் கணக்கில் சாதாரணச் சூட்டுக்கும் சாவுக்கும் நாம் நினைக்கிற அளவு சம்பந்தமே இல்லை. ரொம்பக் குளிர்ந்து இருந்தவைதான் அதிகமாய்க் கெட்டிருந்தன! இதெல்லாம் என் டிஸ்கு கெடுவதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே யாரும் படிக்கும்படி அச்சாகிக் கிடந்தது. நூற்றுக்கு எட்டு என்று தெரிந்த பொருளில் தாயாரின் குரலை ஒரே பிரதியாய் வைத்தவன் நான். சந்தனம் பூசவில்லை என்பதைத் தவிர, என் மாமியாருக்கும் எனக்கும் வித்தியாசம் என்ன என்று அப்புறம் பல நாள் யோசித்தேன்.

இப்போது ஐந்தாவதாய் ஒரு லேப்டாப் இருக்கிறது. அதில் சுற்றுகிற தட்டு கிடையாது; சில்லு டிஸ்கு. அது கெடாது என்று கடையில் சொன்னார்கள். சத்தம் போடாமல் கெடும் என்பதே என் அபிப்பிராயம். ஆகையால் முக்கியமானது எதுவானாலும் மூன்று பிரதி. ஒன்று லேப்டாப்பில், ஒன்று அலமாரியிலுள்ள தனி டிஸ்கில், ஒன்று வெளியூரில் என் பெண் வீட்டில். வீடு தீப்பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் மூன்றாவது மிஞ்சும் என்று கணக்கு. பிரதி எடுத்தால் மாத்திரம் போதாது. அலமாரியில் இரண்டு வருஷம் பூட்டி வைத்த பென் டிரைவ் ஒன்றை எடுத்து மாட்டியபோது அது வாயே திறக்கவில்லை. அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, மாதப் பிறப்பு ஞாயிறன்று, ஒவ்வொன்றையும் திறந்து, ஏதாவது இரண்டைப் பாட வைத்துக் கேட்டுவிட்டுத்தான் மூடுகிறேன். யு.பி.எஸ். பேட்டரியின் மேல் வாங்கிய தேதியை மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இதற்கெல்லாம் ஆகும் செலவு, ஆயுத பூஜைக்குப் பொரி கடலை வாங்கும் செலவைவிடக் கொஞ்சம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன்.

இந்த நோட்டுப் புஸ்தகத்தில் இன்று வரை நாற்பத்தொரு கோளாறு எழுதியிருக்கிறேன். முப்பத்தாறுக்குக் காரணம் அகப்பட்டது. மீதி ஐந்தில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர், "பார்த்தீரா, அந்த ஐந்து அவன் செயல்" என்றார். அவற்றில் ஒன்று சென்ற வருஷம் விளங்கிவிட்டது. ராம் சில்லின் தங்கப்பல்லில் அழுக்கு ஏறியிருந்தது. பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தேன், சரியாயிற்று. அதனால் அவன் செயல் இப்போது நான்காய்க் குறைந்திருக்கிறது.

கடைசியாய் ஒன்று. என் தாயாரோடு நாற்று நட்ட சின்னம்மா ஒருவர் இருக்கிறார். எண்பத்து நாலு வயது. இதோ முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். தாயார் பாடிய பாட்டுகளில் சில அவருக்கும் தெரியும். நடுவில் சில அடிகள் விட்டுப்போகின்றன. சென்ற மாதம் முதல் பதிவு செய்து வருகிறேன். உங்களில் வயதான தாய்மார்கள் யாருக்காவது விட்டுப்போன அடிகள் தெரிந்தால், கூட்டம் முடிந்ததும் அவரிடம் வந்து சொல்லுங்கள். பதிவு செய்யும் கருவி என் பையில் இருக்கிறது. அதோ அந்த மேஜைமேல் என் பழைய இரண்டாவது கம்ப்யூட்டரை மூடி கழற்றி வைத்திருக்கிறேன். கரண்டு கொடுக்கவில்லை, பயமில்லாமல் தொடலாம். உப்பின கப்பாசிட்டர்கள் ஆறும் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியில் இருக்கின்றன. குழந்தைகளை முன்னால் விடுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை.